விண்கலத் திசையமைவின் நேரியலற்ற கட்டுப்பாடு

விண்கலத் திசையமைவுக் கட்டுப்பாடு என்பது ஒரு விண்கலத்தை வேண்டிய பக்கம் திருப்பி, அந்நிலையிலேயே நிறுத்தி வைக்கும் நுட்பமாகும். சூரியத் தகடுகள் சூரியனையும் அலைவாங்கி புவியையும் நோக்கியிருக்க இது தேவை. காற்றில்லா வெளியில் சுக்கான் பயன்படாது. கலத்தினுள் உள்ள சக்கரங்களின் சுழற்சி வேகத்தை மாற்றியோ, சிறு உந்துபொறிகளை இயக்கியோ கலத்தைத் திருப்புவர்.

நேரியலற்ற தன்மை

உள்ளீடு இரு மடங்கானால் விளைவும் இரு மடங்காவது நேரியல் அமைப்பு. விண்கலத்தின் சுழற்சி அப்படிப்பட்டதன்று. ஆய்லரின் சமன்பாடுகளின்படி, இரு அச்சுகளைப் பற்றிய கோணத் திசைவேகங்களின் பெருக்கற்பலன் மூன்றாவது அச்சின் சுழற்சியைப் பாதிக்கும். கோணம் சிறியதாயின் தோராயம் போதும்: 5 பாகை என்பது 0.0873 ரேடியன், அதன் சைன் மதிப்பு 0.0872. ஆனால் 60 பாகைக்கு இவை முறையே 1.047, 0.866 ஆகிவிடும். எனவே பெரிய, விரைவான திருப்பங்களுக்கு நேரியலற்ற முறைகள் வேண்டும்.

முறைகள்

* லியாபுனோவ் முறை: உருசியக் கணிதவியலர் லியாபுனோவ் 1892-இல் வெளியிட்ட ஆய்வை அடிப்படையாகக் கொண்டது. கிண்ணத்தில் உருளும் கோலி ஆற்றலை இழந்து அடியில் நிற்பதுபோல, பிழையை அளக்கும் ஒரு சார்பு தொடர்ந்து குறையும்படி திருப்புவிசை அமைக்கப்படும்.
* சறுக்கு நிலைக் கட்டுப்பாடு: பிழைக்கும் சுழல் வேகத்துக்கும் இடையே ஒரு தொடர்பை வகுத்து, கலத்தை அதன் வழியே இட்டுச் செல்லும். எரிபொருள் தீர்ந்து நிறை மாறினாலும் தாங்கும். உந்துபொறிகள் விட்டுவிட்டு அதிரக்கூடும் என்பது இதன் குறை.

சந்திரயான் அனுபவம்

கருவிகளின் எல்லைகளும் நேரியலற்ற தன்மையே. ஓர் எல்லைக்குமேல் எவ்வளவு கட்டளையிட்டாலும் கலம் அதற்கேற்பத் திரும்பாது. சந்திரயான்-2-இன் விக்ரம் தரையிறங்கி 2019 செப்டம்பர் 7 அதிகாலையில் நிலவில் மோதியது. பொறிகள் எதிர்பார்த்ததைவிடக் கூடுதல் உந்துவிசை தந்ததால் பிழைகள் சேர்ந்தன. அவற்றைச் சரிசெய்யக் கலம் மிக விரைவாகத் திரும்ப வேண்டியிருந்தது. மென்பொருளில் வைத்திருந்த வரம்பு அதற்கு இடந்தரவில்லை என இசுரோ தலைவர் சோமநாத் 2023-இல் விளக்கினார்.

விழுப்புரத்தைச் சேர்ந்த ப. வீரமுத்துவேல் திட்ட இயக்குநராக இருந்த சந்திரயான்-3-இல், பெரிய விலகல்களையும் சமாளிக்கும்படி மென்பொருள் திருத்தப்பட்டது. ஐந்து முதன்மைப் பொறிகள் நான்காகக் குறைக்கப்பட்டன. ஏறத்தாழ 30 கிலோமீட்டர் உயரத்தில் கிடைநிலையில் இறங்கத் தொடங்கிய தரையிறங்கி, படிப்படியாக நிமிர்ந்து, 2023 ஆகத்து 23 மாலை 6.04 மணிக்கு நிலவின் தென்முனைப் பகுதியில் நான்கு கால்களிலும் நின்றது.