வாகனத்தை நாமே திருத்தலாமா? மாத்தளை மலைப் பாதைகள் கேட்கும் கேள்வி

ஞாயிற்றுக்கிழமை காலையில் உக்குவளை, வரக்காமுறை பக்க ஒழுங்கைகளில் நடந்து பாருங்கள். ஏதாவது ஒரு வீட்டு முற்றத்தில் காரின் பொனட் திறந்திருக்கும். ஒருவர் கையில் ஸ்பேனரோடு குனிந்திருப்பார். பக்கத்தில் மகன் கைத்தொலைபேசியில் ஒரு வீடியோவை நிறுத்தி நிறுத்தி ஓட்டிக் காட்டிக் கொண்டிருப்பான். பத்து வருடங்களுக்கு முன்னர் இந்தக் காட்சி இவ்வளவு சாதாரணமாக இருக்கவில்லை.

காரணம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனிப்பட்ட பாவனைக்கான கார்கள் மீண்டும் வருவதற்கு 2025 பெப்ரவரி வரை காத்திருக்க வேண்டியிருந்தது. வந்த பிறகும் வரியோடு சேர்ந்த விலையைக் கேட்டவர்கள் தமது பழைய காரையே துடைத்து வைத்துக் கொண்டார்கள். நடுவில் 2022 வந்தது. 92 ஒக்டேன் பெற்றோல் லீற்றர் 470 ரூபாய். பிறகு கியூஆர் முறை. ஆரம்பத்தில் காருக்கு வாரம் 20 லீற்றர், மோட்டார் சைக்கிளுக்கு 4 லீற்றர். கொல்லையில் துருப்பிடித்துக் கிடந்த சைக்கிள்கள் அப்போதுதான் வெளியே வந்தன. அந்தக் காலத்தில் தொட்டுப் பழகிய கைகள் இன்னும் ஸ்பேனரை விடவில்லை.

இது நல்ல பழக்கம் என்பதே என் கருத்து. ஆனாலும் இந்த வீடியோக்களில் பெரும்பாலானவை சமதரையில் வாகனம் ஓட்டுபவர்களுக்காக எடுக்கப்பட்டவை. கலேவெல, தம்புள்ளை பக்கம் இருப்பவர்களுக்கு அது போதும். ரத்தோட்டை, எல்கடுவ பக்கம் இருப்பவர்களுக்கும், பெருநாளுக்கு மறுநாள் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு ரிவர்ஸ்டன் பார்க்கப் போகிறவர்களுக்கும் போதாது. எமது மாவட்டத்தில் வீட்டுப் பராமரிப்பு பிரேக்கில் இருந்துதான் ஆரம்பிக்க வேண்டும்.

எனது சொந்த அனுபவம் ஒன்று. சில வருடங்களுக்கு முன் முன்சக்கர பிரேக் பேட்டை நானே மாற்றினேன். வேலை சுத்தமாக முடிந்தது. சக்கரத்தைப் பூட்டி, நட்டை இறுக்கி, பெருமையோடு ஸ்டார்ட் செய்து காரை முன்னுக்கு எடுத்தேன். பிரேக்கை மிதித்தால் பெடல் அப்படியே தரை வரை போய்விட்டது. எங்கள் முற்றம் சரிவானது. சுவரில் சாத்தி வைத்திருந்த மகளின் சைக்கிளில் மோதித்தான் கார் நின்றது. அல்ஹம்துலில்லாஹ், சைக்கிளில் யாரும் இருக்கவில்லை.

என்ன நடந்தது என்பதைப் பிறகு ஒரு கராஜ் பாஸ் சிரித்துக் கொண்டே விளக்கினார். புதிய பேட் தடிப்பானது. அதை உள்ளே நுழைக்க பிஸ்டனைப் பின்னுக்குத் தள்ளுகிறோம். அந்த இடைவெளி மூடுகிற வரைக்கும் பெடலில் பிடிப்பு இருக்காது. ஆகவே காரை அசைக்க முன், நின்ற இடத்திலேயே பெடலைப் பல தடவை மிதித்து, அது கெட்டியாகும் வரை பார்க்க வேண்டும். நான் பார்த்த வீடியோவிலும் இந்த விடயம் கடைசியில் இருந்ததாம். நான் கடைசி வரை பார்க்கவில்லை.

பிரேக் என்பது வேகத்தை வெப்பமாக மாற்றும் கருவி. ஒரு தொன் எடையுள்ள கார் 700 மீற்றர் உயரத்திலிருந்து கீழே இறங்குகிறது என்று வைத்துக் கொள்வோம். அந்த இறக்கத்தில் வெளியாகும் சக்தி முழுவதும் வெப்பமானால், ஏறத்தாழ 20 லீற்றர் தண்ணீரைக் கொதிக்க வைக்கலாம். காற்றும் என்ஜினும் ஒரு பங்கை எடுத்துக் கொள்ளும். மீதி முழுவதும் பிரேக் டிஸ்க்கிலும் டிரம்மிலும் இறங்குகிறது. வேனில் பன்னிரண்டு பேரும் பிரியாணிச் சட்டியும் இருந்தால் கணக்கு இன்னும் கூடும்.

இங்கேதான் "பிரேக் ஒயில்" முக்கியமாகிறது. பெயர்தான் ஒயில், எங்களுடைய கார்களில் ஊற்றப்படுவது எண்ணெய் வகையைச் சேர்ந்ததே அல்ல. அது காற்றில் உள்ள ஈரத்தை மெல்ல மெல்ல உறிஞ்சும். டொட் 3 வகைத் திரவம் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 பாகை செல்சியஸ் வரை கொதிக்காது. 3.7 சதவீத ஈரம் சேர்ந்துவிட்டால் அந்த எல்லை 140 பாகைக்கு இறங்கிவிடும். டொட் 4 வகைக்கு அவை 230, 155. நீண்ட இறக்கத்தில் பிரேக்கை விடாமல் மிதித்துக் கொண்டே வந்தால், பழைய திரவம் குழாய்க்குள்ளேயே கொதித்துக் குமிழியாகும். திரவத்தை அமுக்கினால் அழுத்தம் சக்கரம் வரை போகும். குமிழியை அமுக்கினால் குமிழி சுருங்குவதோடு சரி. பெடல் பஞ்சு போலாகிவிடும். கீழே போய்க் கொஞ்சம் ஆறிய பின் பார்த்தால் பிரேக் நன்றாக வேலை செய்யும்! "பிரேக் நல்லாத்தான் இருந்திச்சு" என்று சொல்லும் கதைகளில் சிலவற்றின் பின்னணி இதுதான்.

வீட்டில் செய்யக்கூடியது இதுதான்: பிரேக் ஒயில் குப்பியில் மட்டம் இரண்டு கோட்டுக்கும் நடுவில் இருக்கிறதா என்று வாரம் ஒருமுறை பாருங்கள். குறைந்திருந்தால் உடனே ஊற்றி நிரப்பிவிட்டுத் திருப்திப்படாதீர்கள். ஒன்றில் பேட் தேய்ந்திருக்கிறது, இல்லாவிட்டால் எங்கோ கசிகிறது. நிறம் தேயிலைச் சாயம் போல் கறுத்திருந்தால் மாற்றும் காலம் வந்துவிட்டது. பொதுவாக இரண்டு வருடங்களுக்கு ஒருமுறை மாற்றச் சொல்வார்கள். கைநூலில் உங்கள் வாகனத்துக்கு உரியதைப் பாருங்கள். என்ஜின் ஒயிலை அந்தக் குப்பியில் தவறியும் ஊற்றிவிடக் கூடாது. உள்ளே இருக்கும் இறப்பர் சீல்கள் ஊதிக் கெட்டுவிடும். திரவத்தை மாற்றிக் காற்றெடுக்கும் வேலையை முதல் முறையாவது தெரிந்தவர் பக்கத்தில் இருக்கும்போது செய்யுங்கள். எனக்கு இப்போதும் அந்த வேலைக்கு கராஜ்தான்.

பராமரிப்போடு சேர்ந்த இன்னொரு விடயம் ஓட்டும் முறை. ஏறிய கியரிலேயே இறங்குங்கள் என்று வாப்பாமார் சொன்னது சரியான பேச்சு. ஓட்டோ கியர் என்றால் எல் அல்லது எஸ், ஹைப்ரிட் என்றால் பி. 2022இல் பெற்றோலை மிச்சப்படுத்த நியூட்ரலில் விட்டு இறங்கும் பழக்கம் சிலருக்கு ஒட்டிக்கொண்டது. இன்றைய இன்ஜெக்‌ஷன் என்ஜின்களில் கியரில் விட்டு எக்ஸலேட்டரிலிருந்து காலை எடுத்து இறங்கும்போது எரிபொருள் பெரும்பாலும் நின்றுவிடும். நியூட்ரலில்தான் என்ஜின் ஓடிக்கொண்டிருக்கக் கொஞ்சம் செலவாகும். ஆக அதில் மிச்சமும் இல்லை. என்ஜினையே நிறுத்திவிட்டு இறங்குவது இதைவிட மோசம். பிரேக்குக்கு உதவும் வெற்றிட அழுத்தம் இரண்டு மூன்று மிதிப்பில் தீர்ந்துவிடும். பிறகு பெடல் கல்லாகிவிடும்.

மற்ற வேலைகள் இலகு. என்ஜின் ஒயில், ரேடியேட்டர் தண்ணீர் இரண்டையும் காலையில் என்ஜின் ஆறியிருக்கும்போது பாருங்கள். சூடாக இருக்கும் ரேடியேட்டர் மூடியை எக்காரணம் கொண்டும் திறக்க வேண்டாம். உள்ளே அழுத்தத்தில் இருக்கும் தண்ணீர் திறந்த கணமே முகத்துக்குப் பாயும். எயார் பில்டரைக் கழற்றித் தட்டுவது ஐந்து நிமிட வேலை. வருமான உத்தரவுப் பத்திரத்துக்காகப் புகைப் பரிசோதனைக்குப் போகுமுன் அதைச் செய்தால் வீண் அலைச்சல் குறையும். இரவு நிறுத்திய இடத்தில் காலையில் ஏதாவது சொட்டியிருக்கிறதா என்று குனிந்து பார்க்கச் செலவே இல்லை. ஏசி தண்ணீர் என்றால் பரவாயில்லை. நிறமோ பிசுபிசுப்போ இருந்தால் விசாரிக்க வேண்டும்.

டயரில் பலரும் செய்யும் பிழை ஒன்று. டயரின் பக்கத்தில் அச்சிட்டிருக்கும் அழுத்த எண் அந்த டயர் தாங்கும் உச்ச அளவு. உங்கள் காருக்குரிய அளவு சாரதிக் கதவுப் பக்கத்துத் தூணில் ஒட்டிய ஸ்டிக்கரில் இருக்கிறது. அதை டயர் சூடாக முன் அளக்க வேண்டும். பழைய டயர் வாங்குவோர் அதன் பக்கத்தில் நீள்வட்டத்துக்குள் இருக்கும் நான்கு இலக்கத்தைப் பாருங்கள். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. பூ ஆழமாக இருந்தாலும் இறப்பர் கிழடாகி வெடித்திருந்தால் மழை நாளில் அது உதவாது. ஸ்பேர் சக்கரத்தையும் அளந்து வையுங்கள். தேவைப்படும் நாளில்தான் அது காற்றில்லாமல் இருப்பது தெரிய வரும்.

செய்யக் கூடாததில் முதலாவது, ஜெக்கை மட்டும் நம்பி வாகனத்துக்குக் கீழே போவது. காரோடு வரும் ஜெக் சக்கரம் மாற்றுவதற்கு மாத்திரமே. செங்கல்லும் சீமெந்துக் கல்லும் ஒரு கணத்தில் நொறுங்கும். எங்களுடைய முற்றங்கள் பலவும் சரிவு. முன்சக்கரத்தால் இழுக்கப்படும் காரில் ஹேண்ட் பிரேக் பெரும்பாலும் பின்சக்கரங்களைத்தான் பிடிக்கும். பின்பக்கத்தைத் தூக்கினால் அந்தப் பிடி போய்விடுகிறது. ஆகவே தரையில் இருக்கும் சக்கரங்களுக்கு மரக்கட்டை வையுங்கள், முதல் கியரில் விடுங்கள், தாங்கிகள் இல்லாமல் தலையைக் கீழே கொண்டு போகாதீர்கள். சமதரை கிடைக்காவிட்டால் அந்த வேலையை கராஜுக்கே விட்டுவிடுங்கள்.

ஹைப்ரிட் வாகனங்களில் செம்மஞ்சள் நிற உறை போட்ட வயர்களைத் தொடவே கூடாது. பல ஹைப்ரிட்களில் அவற்றில் 200 வோல்ட்டுக்கு மேல் ஓடுகிறது. ஸ்டியரிங் பக்கம் மஞ்சள் வயர்கள் எயார் பேக்குக்கு உரியவை. அவையும் நமக்கு வேண்டாம்.

இனி சைக்கிள். கார் மோதி வளைந்த மகளின் சைக்கிளை நாங்கள் இருவரும் சேர்ந்தே சரி செய்தோம். காரை விடச் சைக்கிளில்தான் பிள்ளைகள் கற்றுக் கொள்ளலாம். எல்லாம் கண்ணுக்கு முன்னால் இருக்கிறது. பெடல் கழற்றும்போது அரை மணித்தியாலம் போராடினோம். இடது பெடலின் புரி மறுபக்கம் சுற்றும் என்பது எனக்குத் தெரியாது. அதைக் கடிகாரம் சுற்றும் பக்கம் திருப்பினால்தான் கழரும்.

மேட்டுப் பகுதியில் பாடசாலைக்குச் சைக்கிளில் போகும் பிள்ளை இருந்தால் வாரம் ஒருமுறை இந்தச் சோதனையைச் செய்யுங்கள். முன்பிரேக்கைப் பிடித்துக்கொண்டு சைக்கிளை முன்னுக்குத் தள்ளினால் பின்சக்கரம் மேலே எழும்ப வேண்டும். பின்பிரேக்கைப் பிடித்துத் தள்ளினால் பின்சக்கரம் சுழலாமல் இழுபட வேண்டும். இல்லாவிட்டால் பிரேக் கட்டைகள் தேய்ந்திருக்கும் அல்லது இறுகிப் பளபளத்திருக்கும். பளபளப்பை மணல்தாளால் உரசி எடுத்து, கேபிளை இறுக்கினாலே பாதிப் பிரச்சினை தீரும். கேபிளின் ஒரு கம்பி அறுந்து துருத்திக் கொண்டிருந்தால் முழுக் கேபிளையும் மாற்றுங்கள், அது காத்திருக்காது. இரும்பு ரிம் உள்ள பழைய சைக்கிள்கள் மழையில் நனைந்தால் பிரேக் பிடிக்க மிகவும் தாமதிக்கும். இறக்கத்துக்கு முன்பே மெல்லப் பிடித்து ரிம்மைத் துடைத்துக் கொள்ளும்படி பிள்ளைக்குச் சொல்லிக் கொடுங்கள்.

செயின் தேய்ந்ததா என்று பார்க்க ஓர் அடிக்கோல் போதும். ஓர் ஊசியின் நடுவில் பூச்சியத்தை வைத்தால், புதுச் செயினில் சரியாக 12 அங்குலத்தில் இன்னோர் ஊசி வரும். அது பதினாறில் ஒரு அங்குலம் தள்ளி நின்றால் செயினை மாற்றுங்கள். எட்டில் ஒரு அங்குலம் தள்ளும் வரை விட்டால் பற்சக்கரங்களும் போய்விடும், செலவு பல மடங்காகும். பஞ்சர் ஒட்டுவதில் அவசரம்தான் எதிரி. டியூபைச் சுரண்டிப் பசை பூசியபின், பசை ஈரம் போய் ஒட்டும் பதம் வரும் வரை காத்திருந்துதான் ஒட்டுத் துண்டை வைக்க வேண்டும்.

இதனால் கராஜ் வைத்திருக்கும் எமது சகோதரர்களின் பிழைப்பு கெடுமே என்று ஒருவர் கேட்டார். நான் அப்படிப் பார்க்கவில்லை. "இடது முன்சக்கரத்தில், பிரேக் பிடிக்கும்போது மட்டும் சத்தம்" என்று சொல்லக்கூடியவர் போனால் பாஸுக்கும் வேலை இலகு, தேவையில்லாத பொருளை மாற்றவும் வழியில்லை. இந்த அறிவு வீட்டில் ஆண்களோடு நின்றுவிடுவதும் சரியில்லை. பிள்ளைகளைப் பாடசாலைக்கு ஏற்றிச் செல்லும் தாய்மார் பலர் இருக்கிறார்கள். பிரேக் குப்பியின் மட்டம் எங்கே பார்ப்பது என்பதை முதலில் அவர்களுக்குத்தான் காட்டிக் கொடுக்க வேண்டும்.

வீட்டில் ஒயில் மாற்றுபவர்களுக்கு ஒரு வார்த்தை. கழிவு ஒயிலைக் கானில் ஊற்றிவிட்டால் அது மழையோடு சுது கங்கைக்குப் போகும், அங்கிருந்து அம்பன் கங்கை வழியாக மகாவலிக்கு. கீழே வயல்களும் குடிநீரும் இருக்கின்றன. வெற்றுக் கேனில் ஊற்றி மூடி வைத்து, அடுத்த முறை சேர்விஸ் நிலையத்துக்குப் போகும்போது கொடுத்து விடலாம். பெயின்ட் டின்னில் திறந்தபடி வைக்காதீர்கள். எங்கள் வீட்டுப் பூனை ஒருமுறை அதில் விழுந்து, மூன்று நாள் எல்லா அறையிலும் கறுப்புக் கால் பதித்தது.