மேலே வெதுவெதுப்பு... கீழே குளுகுளு!

குட்டீஸ்... கோடை விடுமுறையில் தோட்டத்துக் கிணற்றில் நீந்தியது உண்டா? மேல்தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கும். கொஞ்சம் முங்கினால் கால் சில்லிடும். ஒரே கிணற்றில் ஏன் இந்த வித்தியாசம்?

வெயில் பட்டதும் மேல்நீர் விரிந்து லேசாகிறது. அதனால் மேலேயே மிதக்கிறது. குளிர்ந்த நீர் கனமானது, அடியிலேயே தங்கிவிடும். கலக்கிவிட ஆள் இல்லாவிட்டால் இரண்டும் தனித்தனி அடுக்காக நிற்கும். வீட்டு நீச்சல் குளத்திலும் மோட்டாரை நிறுத்தினால் இதே கதைதான். மோட்டார் நீரை உறிஞ்சி, வடிகட்டி, மீண்டும் குளத்துக்குள் பீய்ச்சும்போது நீர் சுழன்று கலக்கிறது.

திருப்பூர் சாயப்பட்டறைகளில் இது பெரிய விஷயம்! பருத்தித் துணிக்கான சாயங்கள் பலவற்றுக்கு சுமார் 60 டிகிரி செல்சியஸ் சூடு தேவை. இயந்திரத்துக்குள் துணியும் சாயநீரும் சுற்றிக்கொண்டே இருக்கும். ஓரிடத்தில் சூடு கூடி, இன்னோரிடத்தில் குறைந்தால் சாயம் திட்டுத்திட்டாகப் பிடிக்கும். அந்தத் துணி வீண்தான்! மறுபடியும் சாயம் ஏற்ற வேண்டும். தண்ணீரும் கூடுதலாகச் செலவாகும்.

செய்து பாருங்கள்: கண்ணாடி டம்ளரில் குளிர்ந்த நீர் எடுங்கள். மை கலந்த வெதுவெதுப்பான நீரை ஸ்பூனால் மெதுவாக மேலே விடுங்கள். மை மேலேயே தங்கும். ஸ்பூனால் கலக்கினால்? நிறம் எங்கும் ஒன்றுபோல் பரவிவிடும்!

ஓர் எச்சரிக்கை: மேல்தண்ணீர் சூட்டை நம்பிக் கிணற்றில் குதிக்காதீர்கள். திடீரென்று குளிர்ந்த நீர் பட்டால், நம்மை அறியாமலே மூச்சை இழுப்போம்; தண்ணீர் உள்ளே புகுந்துவிடும். நீச்சல் தெரிந்த பெரியவர் உடன் இருந்தால் மட்டுமே இறங்குங்கள். சரியா?