புரதத் தொழிற்சாலையின் 'ஸ்டார்ட்' பட்டன்

"செல்லில் புரதம் செய்வது ரைபோசோம்" என்று பிள்ளைகளின் உயிரியல் புத்தகம் ஒரே வரியில் முடித்துவிடும். "அந்த வேலையை யாரும்மா ஸ்டார்ட் பண்றது?" என்று என் மகள் கேட்டாள். அதற்கான பதிலைத் தேடிப் படித்தபோது, பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு நோயும் கூடவே வந்தது.

நம் செல்களில் அநேகமாக எல்லாப் புரதமும் மெத்தியோனின் என்ற அமினோ அமிலத்தில்தான் தொடங்கும். அதை ரைபோசோமுக்குத் தூக்கி வருவது ஈஐஎஃப்2 என்ற புரதம். ஒருமுறை இறக்கி வைத்ததும் அதன் 'சார்ஜ்' தீர்ந்துவிடும். மறுபடி சார்ஜ் ஏற்றுவது ஈஐஎஃப்2பி என்ற இன்னொரு புரதம்.

இந்தச் சார்ஜரின் அமைப்பில்தான் விஷயமே இருக்கு. ஐந்து வகைத் துண்டுகள், வகைக்கு இரண்டாக மொத்தம் 10. இரண்டு பாதிகளும் பட்டாம்பூச்சியின் சிறகுகள் மாதிரி நடுவில் சரியாகச் சேர்ந்திருந்தால்தான் வேலை வேகமாக நடக்கும். வைரஸ் தொற்று போன்ற நெருக்கடியில் செல்லே இந்த வடிவத்தை மாற்றி, உற்பத்தியைக் குறைத்துக்கொள்ளும். அது ஒரு தற்காப்பு.

ஆனால் பிறவியிலேயே சார்ஜரில் குறை இருந்தால்? அதுதான் 'வேனிஷிங் ஒயிட் மேட்டர்' என்ற அரிய நோய். மூளையின் வெண்பகுதி கொஞ்சம் கொஞ்சமாக அழியும். நன்றாக நடந்த குழந்தை தடுமாறும். சாதாரணக் காய்ச்சலோ, தலையில் சின்ன அடியோ பட்டால்கூட நிலைமை சட்டென்று மோசமாகும். காரணம் ஈஐஎஃப்2பி மரபணுக்களில்தான் என்பது 2001இல் தெரியவந்தது.

2013இல் கலிஃபோர்னியாவில் பீட்டர் வால்டரின் ஆய்வகம் இஸ்ரிப் என்ற சிறு மூலக்கூறைக் கண்டுபிடித்தது. அது சார்ஜரின் இரு பாதிகளும் சேரும் இடத்தில் ஸ்டேப்லர் பின் போல உட்கார்ந்து இறுக்கிப் பிடிப்பதை 2018இல் எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படங்கள் காட்டின. வடிவம் தெரிந்ததால் மருந்துக்கு வழி திறந்தது. அதே இடத்தைக் குறிவைக்கும் மருந்துகள் இப்போது மனிதர்களிடம் பரிசோதனையில் உள்ளன.

காய்ச்சல் வந்த ஒவ்வொரு குழந்தைக்கும் பயப்பட வேண்டாம். இது மிகவும் அரிது. தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்தால்தான் நோய் வரும். இருவருமே அதைச் சுமந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. சொந்தத்துக்குள் கல்யாணம் செய்தால் இத்தகைய நோய்களின் வாய்ப்பு கூடும். காய்ச்சலுக்குப் பிறகு நடை தடுமாறினாலோ, குடும்பத்தில் காரணம் தெரியாத மூளை நோய் இருந்தாலோ, கூச்சப்படாமல் டாக்டரிடம் சொல்லுங்கள். மரபணு ஆலோசனையும் கேளுங்கள்.