சுந்தரபாண்டியபுரத்தில் கம்பி கட்டினால் லண்டன் பேசுமா? சிற்றலை ஹாம் ரேடியோ எப்படி வேலை செய்கிறது?

சூரியகாந்தி பூக்கும் சீசனில் தென்காசி மாவட்டம் சுந்தரபாண்டியபுரத்துக்கு வருகிறவர்கள் வயலில் நின்று நாலு செல்ஃபி எடுப்பார்கள். 'ரோஜா' படம் எடுத்த இடம் எது என்று விசாரிப்பார்கள். பிறகு குற்றாலத்துக்குக் கிளம்பிவிடுவார்கள்.

அதே வயலோரத்தில், இரண்டு கழிகளுக்கு நடுவே சுமார் 10 மீட்டர் நீளத்துக்குச் செம்புக் கம்பியை இழுத்துக் கட்டுவதாக வைத்துக்கொள்வோம். அதில் ஒரு சிற்றலை ரேடியோ செட்டை இணைத்து, கார் பேட்டரியில் ஓட்டினால், உரிமம் பெற்ற ஒருவர் ஜப்பானுடனோ லண்டனுடனோ பேச முடியும். நடுவில் செல்போன் டவர் கிடையாது, இன்டர்நெட் கிடையாது, சாட்டிலைட்டும் கிடையாது. கேட்க விட்டலாச்சார்யா படம் மாதிரி இருக்கும். ஆனா, உலகம் முழுக்க லட்சக்கணக்கானவர்கள் தினமும் செய்கிற வேலைதான் இது.

இது எப்படி நடக்கிறது? கையில் செல்போன் இருக்கும்போது இது எதுக்கு?

அதென்ன ஹாம் ரேடியோ?

வணிக நோக்கம் இல்லாமல், அரசின் உரிமம் பெற்று, ரேடியோ அலைகள் வழியே மற்றவர்களோடு பேசும் பொழுதுபோக்குக்கு அமெச்சூர் ரேடியோ என்று பெயர். செல்லமாக ஹாம் ரேடியோ. உரிமம் பெற்ற ஒவ்வொருவருக்கும் ஓர் அழைப்புக் குறி உண்டு. வண்டிக்கு நம்பர் பிளேட் மாதிரி. இந்தியாவில் அது பெரும்பாலும் 'வி.யு.' என்ற எழுத்துகளில் தொடங்கும். முன்னாள் பிரதமர் ராஜீவ் காந்தியும் ஒரு ஹாம்தான். அவருடைய குறி வி.யு.2ஆர்.ஜி.

இவர்களில் பலருக்குப் பிடித்த விளையாட்டு, முடிந்த அளவு தூரத்தில் இருப்பவரைப் பிடிப்பது. ஹாம் மொழியில் இதற்கு 'டி.எக்ஸ்.' என்று பெயர். இதற்கு அதிகம் பயன்படுவது 3 முதல் 30 மெகாஹெர்ட்ஸ் வரையிலான சிற்றலை. ஒரு காலத்தில் இலங்கை வானொலியையும் பிபிசி தமிழோசையையும் நம் வீட்டுத் திண்ணைக்குக் கொண்டுவந்த அதே அலைதான்.

'உதவாது' என்று ஒதுக்கியதுதான் உலகத்தைச் சுற்றியது

1912-ல் அமெரிக்கா ரேடியோவுக்குச் சட்டம் போட்டபோது, 200 மீட்டருக்கு மேற்பட்ட அலைநீளங்கள் அரசுக்கும் கப்பல்களுக்கும் கம்பெனிகளுக்கும் போயின. தூரம் போகணும்னா நீண்ட அலை வேண்டும் என்பது அன்றைய நம்பிக்கை. 200 மீட்டரும் அதற்குக் கீழே உள்ளதும் எதற்கும் ஆகாது என்று அமெச்சூர்களிடம் தள்ளிவிடப்பட்டது.

அவர்கள் அதை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. 1923 நவம்பரில், சுமார் 110 மீட்டர் அலைநீளத்தில், அமெரிக்காவின் ஃப்ரெட் ஷ்னெலும் பிரான்ஸின் லியோன் டெலோயும் அட்லான்டிக் கடலைத் தாண்டிப் பேசிக்கொண்டார்கள். அடுத்த ஆண்டு அக்டோபர் 18-ல், நியூசிலாந்தில் ஆட்டுப் பண்ணையில் இருந்த ஃப்ராங்க் பெல்லும், லண்டன் மில் ஹில் பள்ளியின் மாணவர் செசில் கோய்டரும் பூமியின் இரு பக்கங்களிலிருந்து தொடர்புகொண்டார்கள். கோய்டருக்கு அப்போது வயது 18.

இந்தக் கதையில் நமக்கும் ஒரு பங்கு உண்டு. அதே கோய்டர் 1936-ல் இந்தியாவுக்கு வந்து, அகில இந்திய வானொலியின் தலைமைப் பொறியாளர் ஆனார். 1938 ஜூன் 16-ல் தொடங்கிய சென்னை நிலையத்துக்குச் சிற்றலை ஒலிபரப்பியும் கிடைத்தது. 'உதவாத' அலை ஒரு பள்ளி மாணவருக்குக் கற்றுக்கொடுத்தது, ஒரு நாட்டின் வானொலிக்கே பயன்பட்டது.

வானத்தில் என்ன நடக்குது?

ரேடியோ அலை நேர்கோட்டில் போகும். பூமியோ உருண்டை. அப்படின்னா கொஞ்ச தூரத்திலேயே அலை தரையை விட்டு விலகி விண்வெளிக்குப் போய்விட வேண்டும். எஃப்.எம். அலைகளுக்குப் பெரும்பாலும் நடப்பது இதுதான். அதனால்தான் ஊர் தாண்டியதும் பாட்டு கரகரக்கிறது.

சிற்றலைக்கு மேலே ஒரு கூரை இருக்கிறது. சூரியனின் புற ஊதாக் கதிர்களும் எக்ஸ் கதிர்களும் உயரத்தில் உள்ள காற்றைத் தாக்கி எலெக்ட்ரான்களைப் பிரித்துவிடுகின்றன. இப்படி மின்னூட்டம் பெற்ற பகுதிக்கு அயனி மண்டலம் என்று பெயர். அங்கே போகும் சிற்றலை மெல்ல வளைந்து பூமிக்கே திரும்புகிறது.

இதில் மூன்று அடுக்குகள் முக்கியம்.

* டி அடுக்கு: சுமார் 60 முதல் 90 கி.மீ. உயரம். பகலில் மட்டும் வலுவாக இருக்கும். குறைந்த அதிர்வெண் அலைகளை விழுங்கிவிடும்.
* இ அடுக்கு: சுமார் 100 கி.மீ. உயரம்.
* எஃப் அடுக்கு: சுமார் 250 முதல் 400 கி.மீ. உயரம். தொலைதூரத் தொடர்புக்கு இதுதான் நாயகன்.

எஃப் அடுக்கில் பட்டுத் திரும்பும் அலை ஒரே தாவலில் அதிகபட்சமாகச் சுமார் 4,000 கி.மீ. போகும். பிறகு தரையிலோ கடலிலோ பட்டு மறுபடி மேலே கிளம்பும். சுந்தரபாண்டியபுரத்திலிருந்து லண்டன் 8,000 கி.மீ.க்கு மேல். ஆக, குறைந்தது மூன்று தாவல். ஒளியின் வேகத்தில் போவதால் மொத்தப் பயணத்துக்கு ஆகும் நேரம் சுமார் 0.03 நொடி.

தென்காசி வானத்துக்கு என்ன ஸ்பெஷல்?

பூமத்திய ரேகை நமக்குத் தெற்கே, கடலுக்குள் போகிறது. ஆனால், பூமியின் காந்தப்புலத்துக்கும் தனியாக ஒரு நடுக்கோடு உண்டு. அதற்குக் காந்த நிலநடுக்கோடு என்று பெயர். அங்கே ஒரு காந்த ஊசியைச் சுதந்திரமாகத் தொங்கவிட்டால், எந்தப் பக்கமும் சாயாமல் கிடைமட்டமாக நிற்கும். அந்தக் கோடு இந்தியாவின் தென்முனையை ஒட்டித்தான் போகிறது.

திருவனந்தபுரம் அருகே தும்பாவில் ராக்கெட் தளம் அமைத்ததற்குக் காரணமே இந்தக் கோடுதான். 1963 நவம்பர் 21-ல் அங்கிருந்து முதல் ராக்கெட் கிளம்பியது. சுந்தரபாண்டியபுரத்திலிருந்து மலைக்கு அந்தப் பக்கம், நேர்கோட்டில் 100 கி.மீ.க்கும் குறைவான தூரம். இந்தப் பக்கம், சிற்பங்களுக்குப் பேர்போன திருநெல்வேலி கிருஷ்ணாபுரத்தில் இந்தியப் புவிக்காந்தவியல் நிறுவனத்தின் ஆய்வகம் இயங்குகிறது. அங்கே ஆராய்வதும் இதே வானத்தைத்தான்.

அப்படி என்னதான் நடக்கிறது? பகலில் சுமார் 105 கி.மீ. உயரத்தில் இந்தக் கோட்டை ஒட்டிக் கிழக்கு நோக்கி ஒரு மின்னோட்டம் பாய்கிறது. எஃப் அடுக்கின் எலெக்ட்ரான்கள் மேலே தூக்கப்பட்டு, நீரூற்று மாதிரி வடக்கிலும் தெற்கிலும் சரிந்து விழுகின்றன. சூரியன் மறைந்ததும் எஃப் அடுக்கு இன்னும் மேலே எழும்பி, சில நாள்களில் அதற்குள் குமிழிகள் போல வெற்றிடங்கள் உண்டாகும். அந்த நேரத்தில் தொலைதூரக் குரல் நடுநடுங்கிக் கேட்கும், சில சமயம் காணாமலே போகும். செட்டில் கோளாறு என்று திருப்புளியை எடுக்க வேண்டியதில்லை. கோளாறு வானத்தில்.

எந்த நேரம், எந்த பேண்ட்?

டி.எக்ஸ். ஆட்டத்தின் பாதி ரகசியம் இதில் இருக்கிறது. வாட்ஸைக் கூட்டுவதைவிட நேரம் பார்ப்பது முக்கியம்.

* 7 மெகாஹெர்ட்ஸ் (40 மீட்டர்): பகலில் சில நூறு கி.மீ. இரவில் டி அடுக்கு மறைந்ததும் ஆயிரக்கணக்கான கி.மீ.
* 14 மெகாஹெர்ட்ஸ் (20 மீட்டர்): பகலிலும் மாலையிலும் தொலைதூரத்துக்கு நம்பகமானது. புதிதாக வருபவர்களுக்கு முதல் வெளிநாடு கிடைப்பது பெரும்பாலும் இங்கேதான்.
* 21, 28 மெகாஹெர்ட்ஸ் (15, 10 மீட்டர்): சூரியன் சுறுசுறுப்பாக இருக்கும் ஆண்டுகளில் பகலில் குறைந்த சக்தியிலேயே கண்டம் தாண்டும். மற்ற ஆண்டுகளில் பல நாள் வெறிச்சோடிக் கிடக்கும்.

சூரியப் புள்ளிகள் சுமார் 11 ஆண்டுகளுக்கு ஒருமுறை கூடிக் குறைகின்றன. இப்போதைய 25-வது சுழற்சி 2019 டிசம்பரில் தொடங்கியது. சூரியன் உச்சக் கட்டத்தை அடைந்துவிட்டதாக 2024 அக்டோபரில் நாசா அறிவித்தது. உச்சத்தில் ஆபத்தும் உண்டு. 2024 மே மாதம் பெரும் காந்தப்புயல் வந்தபோது லடாக் வானம் சிவந்த படங்களைப் பார்த்திருப்பீர்கள். அது மாதிரி நாள்களில் சிற்றலைத் தொடர்புகள் தடுமாறிப்போகும்.

மேற்கே மலை நிற்குதே, மறைக்காதா?

நியாயமான கேள்வி. கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 1,500 மீட்டர் உயர மலை 20 கி.மீ. தொலைவில் இருந்தால், அது மறைக்கும் வானம் தொடுவானத்திலிருந்து சுமார் 4 டிகிரி மட்டுமே. தரையிலிருந்து 10 மீட்டர் உயரத்தில் கட்டிய 14 மெகாஹெர்ட்ஸ் கம்பி, தன் சக்தியை அதிகமாக அனுப்புவது சுமார் 30 டிகிரி கோணத்தில். ஆக, மலைக்கு மேலே தாராளமாகப் பறந்துவிடும். மலை அடிவாரத்திலேயே வீடு இருந்தால் கதை வேறு.

கிராமத்துக்கு இன்னொரு லாபமும் இருக்கிறது. நகரத்தில் மலிவு எல்.இ.டி. விளக்கும் சார்ஜரும் இன்வெர்ட்டரும் சேர்ந்து எழுப்பும் இரைச்சலில் மெல்லிய குரல்கள் மூழ்கிவிடும். வீடுகளை விட்டுத் தள்ளியிருக்கும் வயல்வெளியில் அந்தத் தொல்லை குறைவு. இடி மின்னல் நேரத்தில் மட்டும் கம்பியைக் கழற்றிவிட வேண்டும். மின்கம்பிக்குப் பக்கத்தில் ஆன்டெனா கட்டவே கூடாது.

என்னதான் பேசுவாங்க?

'சி.க்யூ. டி.எக்ஸ்.' என்று கூப்பிட்டால், 'தூரத்தில் யாராவது இருக்கீங்களா?' என்று அர்த்தம். யாராவது பதில் சொன்னால், முதலில் இருவரும் அழைப்புக் குறியைச் சொல்லிக்கொள்வார்கள். குரல் எவ்வளவு தெளிவு என்று எண்ணில் சொல்வார்கள். '59' என்றால் அருமையாகக் கேட்கிறது என்று பொருள். அப்புறம் பெயர், ஊர், வானிலை. கடைசியில் '73', அதாவது வாழ்த்துகள். பேசியதற்குச் சான்றாகத் தபாலில் 'க்யூ.எஸ்.எல்.' அட்டை அனுப்பும் பழக்கம் இன்றும் உண்டு.

குரலே கேட்காத அளவுக்கு அலை மெலிந்திருந்தால் கம்ப்யூட்டர் கைகொடுக்கும். நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் ஜோ டெய்லரும் ஸ்டீவ் ஃப்ராங்கேயும் 2017-ல் வெளியிட்ட எஃப்.டி.8 என்ற முறை, காதுக்கு எட்டாத இரைச்சலுக்குள்ளிருந்தும் 15 நொடிக்கு ஒரு குட்டிச் செய்தியாகப் பிடித்துக் கொடுக்கிறது.

அரசியல், மதப் பிரசாரம், வியாபாரம், பாட்டு ஒலிபரப்பு எதற்கும் இங்கே அனுமதி இல்லை.

செல்போன் இருக்கும்போது இது எதுக்கு?

ஹாம்களின் கணக்கில் அந்தமான் நிகோபார் தனி 'நாடு'. அங்கிருந்து யாராவது பேசினால் உலகமே வரிசையில் நிற்கும். 2004 டிசம்பரில், உரிய அனுமதி பெற்று அங்கே போயிருந்தார் பாரதி பிரசாத். வி.யு.4ஆர்.பி.ஐ. என்ற குறியில் உலக ஹாம்களோடு பேசிக்கொண்டிருந்தது அவருடைய குழு. டிசம்பர் 26 காலை சுனாமி வந்தது. டெலிபோன் தொடர்புகள் அறுந்தன. பொழுதுபோக்குக்காகக் கொண்டுபோன அதே செட்டும் கம்பியும்தான் தீவுகளிலிருந்து பெருநிலத்துக்குச் செய்தி கடத்தின. யார் உயிரோடு இருக்கிறார்கள் என்ற தகவல் ஏராளமான குடும்பங்களுக்கு அந்த வழியில்தான் போய்ச் சேர்ந்தது. இலங்கையிலும் ஹம்பாந்தோட்டைக்குப் போன ஹாம் குழு, சிற்றலை வழியே தொடர்பை ஏற்படுத்திக் கொடுத்தது.

அது கடலோரக் கதை என்று தென் மாவட்டங்கள் ஒதுக்கிவிட முடியாது. 2023 டிசம்பர் 17, 18-ல் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 செ.மீ. மழை கொட்டியது. தாமிரபரணிக் கரையோரம் பல ஊர்களில் கரன்ட் போனது, செல்போனும் செத்தது. ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலோடு நூற்றுக்கணக்கானோர் சிக்கிக்கொண்டார்கள்.

இந்த மாதிரி நேரத்தில் லண்டன் தேவையில்லை. பக்கத்து மாவட்டம் கிடைத்தால் போதும். அதற்கும் சிற்றலையில் வழி உண்டு. 7 மெகாஹெர்ட்ஸ் கம்பியை ஆள் உயரத்துக்குச் சற்று மேலே தாழ்வாகக் கட்டினால், அலை செங்குத்தாக மேலே போய், அருவி மாதிரி சுற்றியுள்ள சில நூறு கி.மீ.க்குள் விழும். நடுவில் மலை, வெள்ளம், விழுந்த டவர் எதுவும் தடையில்லை.

ஆனால், எந்த நேரத்தில் எந்த பேண்ட் திறக்கும், கம்பியை எவ்வளவு உயரத்தில் கட்டணும் என்பதெல்லாம் வெள்ளம் வந்த அன்று கற்றுக்கொள்ளும் விஷயம் இல்லை. தினமும் ஜப்பானையும் இத்தாலியையும் தேடிக்கொண்டிருப்பவருக்கு அது கைப்பழக்கம். செட் வாங்கி அலுவலக பீரோவில் பூட்டி வைத்தால் இது வராது.

எப்படித் தொடங்குவது?

முதலில் கேட்டுப் பழகலாம். சாதாரணச் சிற்றலை ரேடியோவில் ஹாம் குரல்கள் வாத்து கத்துவது போலத்தான் கேட்கும். எஸ்.எஸ்.பி. வசதி உள்ள ரேடியோ வேண்டும். அது இல்லாதவர்கள், நெதர்லாந்தின் ட்வென்டே பல்கலைக்கழகம் வைத்திருக்கும் 'வெப்எஸ்டிஆர்' போன்ற ரேடியோக்களைச் செல்போனிலேயே இலவசமாகக் கேட்கலாம்.

பேசுவதற்கு உரிமம் கட்டாயம். மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் டபிள்யூ.பி.சி. பிரிவு அதை வழங்குகிறது. 12 வயது நிரம்பியவர்கள் தேர்வு எழுதலாம். அடிப்படை மின்னணுவியலும் ரேடியோ விதிமுறைகளும்தான் பாடம். உரிமத்தில் 'ரெஸ்ட்ரிக்டட்', 'ஜெனரல்' என இரண்டு நிலைகள் உண்டு. மேல்நிலையான ஜெனரலுக்கு மோர்ஸ் தேர்வும் சேரும். நடப்புக் கட்டணத்தையும் விதிகளையும் 'சரள் சஞ்சார்' தளத்தில் பார்த்துக்கொள்வது நல்லது. உரிமம் இல்லாமல் ஒலிபரப்புவது குற்றம்.

செட் விலை கொஞ்சம் கையைக் கடிக்கும். பழைய செட் வாங்குபவர்களும், தாங்களே சாலிடர் வைத்துச் செய்பவர்களும் உண்டு. ஆன்டெனா மட்டும் எல்லோருக்கும் ஒன்றுதான்: பத்து மீட்டர் கம்பி, இரண்டு கழி. மேலே இருக்கிற வானத்துக்கு வாடகை கிடையாது.