வீட்டை வித்துட்டு வண்டியிலயே வாழலாமா?

ரிமோட் வேலை பத்தின எபிசோட் வந்ததுக்கு அப்புறம் பட்டாபிராம்ல இருந்து ஒரு நேயர் நீளமா ஒரு வாய்ஸ் நோட் அனுப்பியிருந்தார். அவருக்கும் மனைவிக்கும் ஐடி வேலை, ரெண்டு பேருக்குமே முழுசா ரிமோட். அப்பா ஹெச்விஎஃப்ல ரிட்டயர் ஆனவர். 90-கள்ல கட்டின வீட்டை மகன் பேருக்கு எழுதிக் கொடுத்துட்டு, இப்போ கோவையில மூத்த மகன்கூட இருக்கார். "2023 மிக்ஜாம் புயல்ல வீட்டுக்குள்ள முழங்கால் தண்ணி. வீட்டை வித்துட்டு ஒரு கேரவன் வாங்கி ஊர் ஊரா வாழ்ந்தா என்ன ப்ரோ? அப்பா மட்டும் ஒத்துக்க மாட்டேங்கறார்." இதுதான் கேள்வி.

கேரவன்னு சொன்னா நம்ம ஊர்ல முதல்ல ஞாபகம் வர்றது ஷூட்டிங் ஸ்பாட். பூந்தமல்லி தாண்டி இவிபி ஃபிலிம் சிட்டி பக்கம் போனா வரிசையா நிக்குமே, நடிகர்கள் மேக்கப் போடுற வண்டி. அதுல யாரும் குடியிருக்கிறதில்லை. சாயங்காலம் பேக்கப் சொன்னா எல்லாரும் வீட்டுக்குப் போயிடுவாங்க. இந்த நேயர் கேட்கிறது வேற: பேக்கப்புக்கு அப்புறம் போக வீடே இல்லாத வாழ்க்கை.

என் பதிலை முதல்லயே சொல்லிடறேன். வண்டியில வாழ முடியும். கஷ்டம், ஆனா முடியும். ஆனா அதுக்காக வீட்டை விக்கக் கூடாது. வீடு கொடுக்கிற படுக்கை, அடுப்பு, பாத்ரூம் மூணையும் ஒரு வண்டிக்குள்ள அடக்கிடலாம். வீடு கொடுக்கிற முகவரியை எந்த வண்டியும் கொடுக்காது. ஏன்னு ஒவ்வொண்ணா பார்ப்போம்.

முதல்ல வண்டி: ஆர்சி புக்ல என்ன இருக்கு?

யூடியூப்ல நிறைய பேர் ஒரு பழைய வேன் வாங்கி, சீட்டைக் கழட்டி, கட்டில், கிச்சன்லாம் போடறாங்க. அமெரிக்காவுல அது சாதாரணம். இங்க அதுல சட்டச் சிக்கல் இருக்கு. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு, கம்பெனி கொடுத்த அமைப்பை உங்க இஷ்டத்துக்கு மாத்தக் கூடாதுன்னு சொல்லுது. கேரளாவுல இருந்து போன ஒரு வழக்குல 2019 ஜனவரியில சுப்ரீம் கோர்ட் அதை உறுதி பண்ணிச்சு. அதே வருஷம் வந்த சட்டத் திருத்தத்துல தண்டனையும் இருக்கு: அனுமதி இல்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், இல்லைன்னா 6 மாசம் வரைக்கும் சிறை, இல்லைன்னா ரெண்டும்.

இது ஏட்டுல மட்டும் இருக்கிற சட்டம் இல்லை. கேரளாவுல "ஈ புல் ஜெட்"னு ஒரு சேனல், அண்ணன் தம்பி ரெண்டு பேர். "நெப்போலியன்"னு பேர் வெச்ச ஒரு வேனை வீடு மாதிரி மாத்தி ஊர் சுத்தினாங்க. 2021 ஆகஸ்ட்ல கண்ணூர் ஆர்டிஓ, விதிமீறி மாத்தியிருக்குன்னு வண்டியைப் பிடிச்சுது. ஆபீஸ்ல தகராறாகி ரெண்டு பேரும் கைதானாங்க. ஊர் சுத்தறவருக்கு வண்டி போச்சுன்னா பயணம் நிக்கும். வீட்டை வித்தவருக்கு வண்டி போச்சுன்னா அன்னைக்கு ராத்திரி படுக்க இடம் இல்லை. அந்த வித்தியாசத்தை யோசிங்க.

சரியான வழியும் இருக்கு. கேரவனுக்குன்னே ஏஐஎஸ்-124ன்னு ஒரு தரநிலை இருக்கு. அதுபடி சோதனை ஆகி ஒப்புதல் வாங்கின வண்டியை வாங்கினா ஆர்சி புக்லயே "மோட்டார் கேரவன்"னு வரும். மொத்த எடை 7,500 கிலோவுக்குள்ள இருந்தா உங்க சாதாரண கார் லைசென்ஸே போதும். கையால செஞ்ச வண்டியை விட விலை அதிகம். ஆனா குடியிருக்கப் போறீங்கன்னா இந்த ஒரு வழிதான்.

கரண்ட், தண்ணி, டாய்லெட்: கணக்குப் போட்டுப் பார்ப்போம்

நம்ம இன்ஜினியர்கள், அதனால கணக்கு. மே மாசம், கத்திரி வெயில். ஒரு டன் இன்வெர்ட்டர் ஏசி ராத்திரியில சராசரியா 600 வாட் எடுக்குதுன்னு வெச்சுப்போம். 8 மணி நேரத்துக்கு 4.8 யூனிட். 48 வோல்ட், 100 ஏஹெச் பேட்டரி ஒண்ணு முழுசா காலி. ரெண்டு லேப்டாப்புக்கு ஒரு யூனிட், ஃப்ரிட்ஜுக்கு ஒரு யூனிட். ஒரு நாளைக்கு கிட்டத்தட்ட 7 யூனிட் வேணும். மேல ரெண்டு 400 வாட் பேனல் போட்டா நல்ல வெயில்ல 3, மூணரை யூனிட் வரும். அதுவும் வண்டியை வெயில்ல நிறுத்தணும். வெயில்ல நிறுத்தினா உள்ள சூடாகும், ஏசி இன்னும் அதிகமா இழுக்கும். நிழல்ல நிறுத்தினா பேனல் வேலை செய்யாது. மிச்சத்துக்கு இன்ஜினை ஓட்டி சார்ஜ் பண்ணணும், இல்லை யாராவது ஒரு ப்ளக் கொடுக்கணும்.

அடுத்தது தண்ணி. பாதாளச் சாக்கடை இருக்கிற நகரங்களுக்கு ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர்ன்னு மத்திய அரசோட திட்ட அளவு இருக்கு. ரெண்டு பேருக்கு 270 லிட்டர். வண்டியில 150 லிட்டர் டேங்க் இருந்தா ஒரு நாள்கூட வராது. ஆளுக்கு 25 லிட்டர்ல குளிச்சு, துவைச்சு, சமைச்சுப் பழகினா 3 நாள் வரும். மூணு நாளைக்கு ஒரு தடவை யார்கிட்டயாவது தண்ணி கேட்கணும்.

டாய்லெட்டைப் பத்தி வீடியோவுல யாரும் பேச மாட்டாங்க. அமெரிக்காவுல கேரவன் கழிவைக் கொட்டறதுக்குன்னே ஹைவே ஓரத்துல, கேம்ப் கிரவுண்ட்ல இடம் இருக்கு. இங்க கேரளா 2021-ல கேரவன் கொள்கை போட்டு பார்க் திறக்க ஆரம்பிச்சுது, தமிழ்நாட்டோட 2023 சுற்றுலாக் கொள்கையிலயும் கேரவன் சுற்றுலா இருக்கு. ஆனா அதெல்லாம் லீவுக்கு வர்றவங்களை மனசுல வெச்சுப் போட்டது, வருஷம் முழுக்க வாழறவங்களுக்கு இல்லை. அப்போ நிரம்பின கேசட்டை யார் தூக்கிட்டுப் போய் கொட்டிக் கழுவறது? நீங்கதான். காசு கொடுத்து இன்னொருத்தரைக் கையால அள்ள வைக்கிறது 2013 சட்டப்படி குற்றம். ஏரியிலயோ மழைநீர் வடிகால்லயோ திறந்து விடறதும் தப்பு. இந்த ஒரு வேலையை ஒரு வருஷம் முகம் சுளிக்காம செய்ய முடியுமான்னு வீட்டுல ரெண்டு பேரும் பேசிக்கோங்க.

இது வரைக்கும் சொன்னதெல்லாம் காசாலயும் பழக்கத்தாலயும் சமாளிக்கக் கூடியது. அடுத்து வர்றது அப்படி இல்லை.

முகவரி: வீடு கொடுக்கிற கண்ணுக்குத் தெரியாத பொருள்

இந்தியாவுல சக்கரத்து மேல முழு நேரமும் வாழ்ந்தவங்க யார்னு தேடினா, ராஜஸ்தானோட காடியா லோஹார் மக்கள் வருவாங்க. மாட்டு வண்டியே வீடு, இரும்பு அடிக்கிறது தொழில். 1568-ல அக்பர்கிட்ட சித்தூர் கோட்டை விழுந்ததும், அது மீளுற வரைக்கும் ஒரு கூரைக்குக் கீழ தங்க மாட்டோம்னு சபதம் எடுத்ததா அவங்க மரபு சொல்லுது. 1955-ல நேரு அவங்களை நேர்ல கூட்டிட்டுப் போய் கோட்டைக்குள்ள விட்டார், இனிமே குடியமரலாம்னு. அதே வருஷம் ஜனவரியிலதான் அவர் நம்ம ஆவடி காங்கிரஸ் மாநாட்டுக்கு வந்திருந்தார். கோட்டைக் கதவு திறந்துச்சு. ஆனா ஊர் ஊரா போறவங்களுக்கு நிலமும் காகிதமும் அவ்வளவு சுலபமா வரலை. நாடோடிச் சமூகங்களை ஆராய்ஞ்ச இதாத்தே ஆணையமும் பல பேர்கிட்ட அடையாளச் சான்றே இல்லைங்கறதைப் பதிவு பண்ணியிருக்கு.

அவ்வளவு தூரம்கூட போக வேண்டாம். நம்ம ஆவடியிலயே நரிக்குறவர் குடியிருப்பு இருக்கு. 2022-ல அங்க படிக்கிற பிள்ளைங்க பேசின வீடியோ பரவினதும், ஏப்ரல்ல முதல்வர் ஸ்டாலின் நேர்ல வந்து ஒரு வீட்டுல காலை டிபன் சாப்பிட்டார். அடிப்படை வசதிகளும் சான்றிதழும் வேணும்ங்கறதுதான் அங்க இருந்த கோரிக்கை. 2023 ஜனவரியிலதான் அவங்க பழங்குடியினர் பட்டியல்ல சேர்ந்தாங்க. தலைமுறை தலைமுறையா நகர்ந்துகிட்டே இருந்த ஒரு சமூகம், நிலையான ஒரு இடத்துக்காக இவ்வளவு வருஷம் மனு கொடுத்திருக்கு. நாம அதே இடத்தை வித்து "சுதந்திரம்" வாங்கலாம்னு யோசிக்கிறோம். நமக்கு முகவரி பிறந்ததுல இருந்தே இருக்கு, அதனாலதான் அது ஒரு பொருளாவே தெரியறதில்லை.

நடைமுறையில பாருங்க. ஓட்டுரிமை: 1950 மக்கள் பிரதிநிதித்துவச் சட்டப்படி ஒரு தொகுதியில "சாதாரணமா குடியிருக்கணும்". வீடு இல்லாதவங்களையும் பட்டியல்ல சேர்க்கலாம். அதுக்கு முகவரிச் சான்று தேவையில்லை, வாக்குச்சாவடி அலுவலர் ராத்திரியில அந்த இடத்துக்கு வந்து, நீங்க அங்கதான் தூங்கறீங்களான்னு பார்ப்பார். மனிதாபிமானமான விதி. ஆனா தினமும் நகருற வண்டிக்கு அவர் எங்க வருவார்? பாஸ்போர்ட் போலீஸ் விசாரணை, பேங்க் கேஒய்சி, ரேஷன் கார்டு, மெடிக்கல் இன்சூரன்ஸ் எல்லாமே ஒரு கதவு எண்ணைக் கேட்கும்.

வண்டிக்கே முகவரி வேணும். ஒரு மாநிலத்துல பதிஞ்ச வண்டி இன்னொரு மாநிலத்துல 12 மாசத்துக்கு மேல இருந்தா அங்க மறுபதிவு பண்ணணும். இதுக்கு ஒரு நல்ல தீர்வு வந்திருக்கு: 2021-ல வந்த பிஹெச் சீரிஸ் நம்பர். அரசு ஊழியர்களும், நாலு அல்லது அதுக்கு மேல மாநிலங்கள்ல ஆபீஸ் இருக்கிற தனியார் கம்பெனி ஊழியர்களும் வாங்கலாம். வேலை போனா அந்தத் தகுதி என்ன ஆகும்னும் சேர்த்து யோசிங்க.

அமெரிக்காவுல சவுத் டகோட்டா மாநிலத்துல ஒரு ராத்திரி தங்கின ரசீதும், தபால் வாங்கி அனுப்பற கம்பெனியோட முகவரியும் இருந்தா டிரைவிங் லைசென்ஸ் எடுக்கலாம். அதனாலதான் வண்டிவாசிகள் அங்க குவியறாங்க. 2021-ல ஆஸ்கர் வாங்கின "நோமேட்லேண்ட்" படம் பார்த்தவங்களுக்குத் தெரியும், அங்கயும் நிறைய பேர் ஆசைப்பட்டு வண்டிக்கு வரலை. வேலையும் வீடும் போய் வந்தவங்க.

காசு: வெளிய வர்ற கதவு, திரும்ப வர்ற கதவு

ஒரு உதாரணக் கணக்கு. வீடு 80 லட்சத்துக்குப் போகுதுன்னு வெச்சுப்போம். அப்பா எழுதிக் கொடுத்த வீடுங்கறதால அடக்க விலையும் அப்பாவோடதுதான். 2001-க்கு முன்னாடி கட்டினதால 2001 ஏப்ரல் 1 மதிப்பை எடுத்துக்கலாம். அது 5 லட்சம்னா லாபம் 75 லட்சம். 12.5 சதவீதம் வரி, அதாவது 9 லட்சத்து 37 ஆயிரத்து 500 ரூபாய். செஸ், சர்சார்ஜ் தனி. இந்த லாபத்துல 2 வருஷத்துக்குள்ள இன்னொரு வீடு வாங்கினா வரிவிலக்கு உண்டு, 1961 சட்டத்துல அது 54-ஆம் பிரிவு. கேரவன் வாங்கினா கிடையாது. சட்டத்தோட கண்ணுல அது வீடு இல்லை, வண்டி.

அந்த வண்டியோட மதிப்பு? இன்சூரன்ஸ் கணக்குல 5 வருஷத்துல பாதி ஆயிடும். 30 லட்சம் வண்டி 15 லட்சம். அஞ்சு வருஷம் கழிச்சு குழந்தைக்காகவோ, அப்பாவோட உடம்புக்காகவோ மறுபடி ஒரு வீடு வாங்கணும்னா, தமிழ்நாட்டுல முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் சேர்த்து 9 சதவீதம். 80 லட்சத்துக்கு 7 லட்சத்து 20 ஆயிரம். அதே ஆவடியில அப்போ அந்த விலைக்கு கிடைக்குமாங்கறது வேற கேள்வி.

அப்போ என்ன பண்ணலாம்?

வாழ்க்கையை மாத்துங்க, பத்திரத்தை மாத்தாதீங்க. முதல்ல வாடகைக்கு ஒரு கேரவன் எடுத்து 10 நாள் இருந்து பாருங்க, மே மாசத்துல. லீவு போடாதீங்க, மீட்டிங், டெட்லைனோட இருங்க. அப்புறம் நவம்பர் மழையில இன்னொரு 10 நாள். அதுக்கு அப்புறமும் ஆசை இருந்தா, வீட்டுல ஒரு ரூமை உங்களுக்குன்னு பூட்டி வெச்சுட்டு மிச்சத்தை வாடகைக்கு விடுங்க. தற்காலிகமா வெளிய இருக்கிறதால மட்டும் ஓட்டுரிமை போகாதுன்னு அதே 1950 சட்டம் சொல்லுது. ஆதார், பேங்க், பாஸ்போர்ட் எல்லாம் அதே கதவு எண்ல இருக்கும். வாடகைப் பணம் டீசலுக்கு ஆகும். வண்டியை லோன்ல வாங்கலாம், பிடிக்கலைன்னா நஷ்டத்துக்காவது வித்துடலாம். அந்தத் தப்பைத் திருத்திக்க முடியும். வித்த வீட்டைத் திரும்ப வாங்கறது அவ்வளவு சுலபம் இல்லை.

மிக்ஜாம் தண்ணிக்குப் பயந்துதான் விக்கறீங்கன்னா, அதுக்கு கேரவன் பதில் இல்லை. தரைமட்டத்தை உசத்தறது, மீட்டர் பாக்ஸை மேல மாத்தறது, இல்லை மேடான பகுதியில வேற வீடு பார்க்கிறது. அது இன்னொரு எபிசோட்.

அப்பாகிட்ட பேசும்போது "நீங்க கட்டின வீட்டை விக்கப் போறேன்"னு ஆரம்பிக்காதீங்க. "ஒரு வருஷம் ஊர் சுத்திட்டு வர்றோம்ப்பா, ஒரு சாவி உங்ககிட்ட இருக்கட்டும்"னு சொல்லிப் பாருங்க. இதுக்கு அவர் ஒத்துக்க வாய்ப்பு இருக்கு.

யாராவது ஏற்கெனவே வண்டியில வாழ்ந்துகிட்டு இதைக் கேட்டுட்டு இருந்தீங்கன்னா, தண்ணி எங்க பிடிக்கிறீங்கன்னு ஒரு வாய்ஸ் நோட் அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.