கற்பாசியின் சந்ததி

நம் நாட்டுச் சமையலறைகளில், சிறப்பாகச் செட்டிநாட்டு உணவுகளில், மணத்தின்பொருட்டுச் சேர்க்கப்பெறும் கல்பாசியை அறியாதார் சிலரே. உலர்ந்த சருகின் துணுக்குப்போல் தோன்றும் அதனைப் பெயர்கொண்டு பாசியென்றே பலரும் கருதுவர். ஆயின், அது பாசி மட்டுமன்று. காளானும் பாசியும் கூடி ஓருடலாய் நடத்தும் இல்லறமே அஃது. இத்தகைய உயிர்களைத் தாவர நூலார் லைக்கன் என வழங்குவர். பாறையிலும் மரப்பட்டையிலும் பழஞ்சுவரிலும் படர்ந்து வாழும் இவற்றுள் ஏறத்தாழ 20,000 வகைகள் உள.

ஒரு லைக்கனை மெல்லிதாய் அரிந்து நுண்ணோக்கியின் வழியே நோக்கின், காளானின் நிறமற்ற இழைகள் பின்னிய வலையினுள்ளே பசிய பாசியணுக்கள் தங்கியிருத்தலைக் காணலாம். பாசி கதிரவன் ஒளியால் உணவு சமைக்கும். காளான் அவ்வுணவை உண்டு, பாசிக்கு உறையுளாய் நின்று, ஈரத்தையும் காத்து உதவும். இவ்வுண்மையை 1867-ஆம் ஆண்டில் வெளியிட்டவர் சுவிட்சர்லாந்து நாட்டினரான சைமன் ஷ்வெண்டனர் என்பார். அவர் காளானைத் தலைவனுக்கும் பாசிகளை அடிமைகளுக்கும் ஒப்பிட்டார். லைக்கன் ஆராய்ச்சியில் பெரும்புகழ் படைத்த வில்லியம் நைலாண்டர் முதலியோர் இதனை ஏற்க மறுத்தனர்.

நிற்க, ஈண்டு ஒரு வினா எழுகின்றது. இருவேறு உயிர்கள் கூடி ஓருடலாயின், அவ்வுடல் தன் சந்ததியைப் பெருக்குவது எங்ஙனம்? கிண்ணம் போன்ற சிறு கனிகளைப் பல லைக்கன்கள் மேற்புறத்தே தாங்கி நிற்கும். அக்கனிகள் காளானுக்கே உரியன. அவற்றினுள்ளிருக்கும் நுண்ணிய பைகளில், பெரும்பாலும் பைக்கு எட்டாக, நுண்வித்துக்கள் தோன்றிக் காற்றிலே பறந்து செல்லும். அவ்வித்தினுள் பாசி இல்லை. எனவே, புதிய இடத்தில் முளைத்த காளான் தனக்கேற்ற பாசியை அங்குக் கண்டடைதல் வேண்டும். இல்லையேல் லைக்கனாய் உருப்பெறாது மடியும்.

இவ்விடரைக் கடக்கும் வழிகள் சில உள. முதலாவது, இருவரும் பிரியாது ஒருங்கே புறப்படுதல். சில பாசியணுக்களைக் காளானிழைகள் சுற்றிப் பொதிந்த துகள்களைச் சொரீடியம் என்பர். மாவுபோல் உதிரும் இவற்றைக் காற்றும் மழைநீரும் சிற்றுயிர்களும் கொண்டுசென்று பரப்பும். கல்பாசி வகைகளுள் ஒன்றாகிய பார்மோட்ரீமா பெர்லேட்டம் தன் மடல்களின் விளிம்பில் இத்துகள்களை ஈனும். கனி தாங்குதல் அதற்கு அரிது.

இரண்டாவது வழி எண்டோகார்ப்பான் புசில்லம் என்னும் லைக்கனிற் காணப்படுவது. இதன் கனியினுள்ளேயே சிறு பாசியணுக்கள் வாழ்தலால், நுண்வித்து வெளியே எறியப்படும்போது அவையும் உடன் செல்லும். ஜெர்மானியத் தாவர நூலாராகிய எர்ன்ஸ்ட் ஸ்டால் 1877-இல் இவ்விரண்டையும் சேர்த்து வளர்த்து, அவற்றினின்று லைக்கன் உருவாதலைக் காட்டினார். ஷ்வெண்டனரின் கொள்கைக்கு இது பெருந்துணையாயிற்று.

மூன்றாவது வழி வியப்பினை விளைப்பது. ஐரோப்பாவின் கடற்கரைப் பாறைகளிலும் கூரைகளிலும் மஞ்சள் நிறமாய்ப் படரும் ஸாந்தோரியா பரியெட்டினா சொரீடியத்தை ஈனுவதில்லை. அதன் காளான் தனித்தே முளைத்து, அயலிலுள்ள பிஸியா என்னும் வேறொரு லைக்கனின் துகளிலிருந்து பாசியைக் கவர்ந்துகொள்ளுதலும் உண்டு. மேலும், இதனைத் தின்னும் நுண்ணிய உண்ணிகளின் எச்சத்தில் காளானணுக்களும் பாசியணுக்களும் உயிரோடிருத்தல் 2002-இல் வெளியான ஆராய்ச்சியால் தெரியவந்தது. தின்னும் பகையே ஈண்டுத் தூதாகவும் அமைகின்றது.

இவ்வழிகளுள் எது சிறந்தது? ஒருங்கே செல்வோர்க்குத் துணையை இழக்கும் அச்சமில்லை. ஆயினும் தாயின் இயல்பே மாறாது தொடர்வதால் புதுமைக்கு இடம் குறைவு. தனித்துச் செல்லும் வித்தோ பெரும்பாலும் அழியும். பிழைத்ததோ, புதிய இயல்புகளோடு புதிய நிலத்திற்கேற்ற புதிய பாசியையும் பெறக்கூடும். ஆகவே, லைக்கனின் சந்ததி வளர்ச்சி என்பது நட்பைக் காத்தலும் நட்பைப் புதிதாய்த் தேடுதலும் ஆகிய இரண்டனுள் அடங்கும்.

இஃது ஏட்டளவில் நிற்கும் செய்தியன்று. இலைபோற் படரும் லைக்கன்கள் பெரும்பாலும் ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர் அளவே வளர்வன. கல்பாசியை மரப்பட்டையினின்று முற்றுஞ் சுரண்டி எடுப்போர், பல்லாண்டு வளர்ச்சியோடு அதன் விளிம்பிலிருந்த அடுத்த தலைமுறையையும் உடன் எடுத்துச் செல்கின்றனர். சிறிதேனும் மரத்தில் விட்டுவைப்பின், எஞ்சிய மடலிலிருந்து உதிரும் துகள் ஒவ்வொன்றும் இருவரையும் சுமந்து சென்று அயல் மரத்தில் புதுக்குடி அமைக்கக்கூடும்.