மைலேஜ் குறையுதா? முதல்ல டயரைப் பாருங்க!

பழைய டீசல் ஃபோர் வீல் டிரைவ் வண்டி வாங்கினவங்க பலரோட புலம்பல், "மைலேஜே இல்லப்பா!" இன்ஜெக்டர், பம்ப்புன்னு காசைக் கொட்டுறதுக்கு முன்னாடி ஒரு சின்ன கணக்குப் போடுவோம்.

டேங்க்கை முழுசா நிரப்பி கிலோமீட்டரைக் குறிச்சுக்குங்க. ஓட்டிட்டு, அதே பங்க்கில் மறுபடி முழுசா நிரப்புங்க. மீட்டரில் 400 கி.மீ., போட்ட டீசல் 40 லிட்டர்னா மைலேஜ் 10.

ஆனா அந்த 400 நிஜமா? பழைய மீட்டர் தூரத்தை நேரா அளக்கிறதில்லை. கியர்பாக்ஸ் பக்கமிருந்து வர்ற சுற்றுகளைத்தான் எண்ணுது. 235/75 ஆர்15 டயரின் விட்டம் சுமார் 734 மி.மீ. கெத்துக்காக 31 அங்குல டயர் மாட்டியிருந்தா, சுமார் 787 மி.மீ. ஒவ்வொரு சுற்றுக்கும் வண்டி 7 சதவீதம் கூடுதலா நகரும். மீட்டருக்கு அது தெரியாது. நிஜமா ஓடினது 429 கி.மீ., மைலேஜ் 10.7!

அதுக்காகப் பெரிய டயர் லாபம்னு நினைக்காதீங்க. எடை கூடும், டீசலும் கூடத்தான் குடிக்கும். பெட்டி மாதிரி இருக்கிற வண்டியை 80-லிருந்து 100-க்கு விரட்டினா காற்றுத் தடை மட்டும் 56 சதவீதம் ஏறும்.

செல்போன் ஜிபிஎஸ்ஸோட மீட்டரை ஒப்பிட்டு, மூணு தடவை நிரப்பி சராசரி எடுங்க. அப்பவும் குறைஞ்சா, மெக்கானிக்கைப் பாருங்க.